ஹைருன் பீவி எடுத்துக் கொடுத்த வளையல்

சங்கிலியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஹைருன் பீவி கடைக்கு வெளியே வந்துவிட்டார். வேறு யாராவது இப்படி நகையோடு வாசலைத் தாண்டினால் காவலாளி விசில் ஊதியிருப்பார். பீவிக்கு அவரே கண்ணாடிக் கதவைத் திறந்து பிடிக்கிறார். விற்பனையாளர் ஸ்டான்லி பின்னாலேயே வந்து கைகட்டி நிற்கிறார். தென்காசிக் கடைத்தெருவில், ஆட்டோக்கள் உரசிப் போகும் ஓரத்தில் நின்றபடி, பகல் வெளிச்சத்தில் பீவி அந்தச் சங்கிலியை இப்படியும் அப்படியும் புரட்டுகிறார்.

“உள்ள எரியுத லைட்டுக்கு வெளக்கமாத்துக் குச்சியும் தங்கமாத்தாம் மின்னும். சூரியனுக்கு எந்தக் கடைக்காரனும் சம்பளம் குடுக்கல. அது உள்ளதச் சொல்லிரும்.”

அடுத்து, தலையில் போட்டிருக்கும் முக்காட்டின் ஓரத்தை இழுத்துச் சங்கிலியின் மேல் மெல்லத் தேய்ப்பார். ஒரு நூல் சிக்கினாலும் போதும், சங்கிலி தட்டுக்குத் திரும்பிவிடும். “துணியப் புடிக்குதது பிள்ள கன்னத்தக் கீறாதா?” என்பார். நூல் சிக்காமல் தப்பித்த நகைக்கு இன்னொரு சோதனை உண்டு. அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடை நடுவே குனிந்து நிமிர வேண்டும். வெட்கப்பட்டு நெளிகிறவர்களுக்கும் விலக்கில்லை. “வீட்டுல தூத்துப் பெருக்குவியா மாட்டியா? குனியுதப்ப வாயில வந்து இடிச்சுதுன்னா, ஒரு வாரத்துல பீரோவுக்குள்ள தூங்கப் போயிரும்.”

பீவிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். எந்த நகைக்கடையிலும் அவருக்கு வேலையில்லை, கமிஷனும் இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில், கடையத்தில், புளியங்குடியில் யார் வீட்டில் நகை எடுப்பதென்றாலும் முதல் போன் அவருக்குத்தான். வாருங்கள் என்று கூப்பிட்டால் போதும், முழங்கால் வலியை மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். திரும்பும் வழியில் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும். அதுவும் குளிர்ச்சியில்லாமல்.

நகை போடுகிறவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்காமல் அவர் ஒரு தட்டையும் திறக்கச் சொல்வதில்லை. அவருடைய சொந்தக்காரப் பெண் சமீனா நர்ஸ் வேலை பார்க்கிறாள். கல் வைத்த மோதிரத்தின் மேல் ஆசைப்பட்டாள். “ஏட்டி, கையில உறை மாட்டுவியா? மாட்டும்போதெல்லாம் கிழியும். மொழுமொழுன்னு ஒண்ணு எடு” என்று கல் இல்லாத மோதிரத்தை விரலில் மாட்டிவிட்டார். சமீனா அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இன்றுவரை அந்த மோதிரத்தைக் கழற்றியதில்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கணவர் யஹ்யா சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தபோது, முதல் விடுமுறையில் ஒரு சங்கிலி கொண்டுவந்தாராம். நல்ல மஞ்சள், நல்ல பளபளப்பு. மடியில் இருந்த பிள்ளை ஒரு இழுப்பு இழுத்ததும் அறுந்து விழுந்தது. பத்தரிடம் கொண்டுபோனால் அவர் ஊதிப் பற்றவைத்துக் கொடுத்தார். பீவி எழுந்து வரவில்லை. ஏன் அறுந்தது என்று சொன்னால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். கண்ணிகள் உள்ளே காலியாக இருந்ததை அந்தப் பத்தர் காட்டிக் கொடுத்தார். “அன்னையிலருந்து எல்லாத்தையும் ஏன்னு கேக்க ஆரம்பிச்சேன். இவுஹளையும் சேத்துத்தான்” என்று கணவரைப் பார்த்தார். சாய்வு நாற்காலியில் இருந்த யஹ்யா, “அதுக்குத்தான் நான் திரும்பவும் பிளேன் ஏறிட்டேன்” என்றார்.

எடுத்துக் கொடுத்ததோடு பீவி விடுவதும் இல்லை. விசேஷ வீட்டில் எதிரே வந்தால் நலம் விசாரிக்கும் முன்பே விரல் நம் கழுத்துக்கு வந்துவிடும். “எப்பக் கழுவுனிய? அழுக்கு பிடிச்சுக் கெடக்கே.” பூவந்திக்கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்த நுரையில் நகையைப் போட்டு, பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கும் பிரஷால் வருடிவிட வேண்டும். கிண்ணத்தில்தான் அலச வேண்டும், குழாயடியில் கூடாது. பழைய வேட்டித் துணியில் ஒற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். ஒன்றோடொன்று உரசினால் தேயும். கழுத்தில் நகையோடு சென்ட் அடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “மொதல்ல சென்ட்டு, அது காயணும், கடைசியிலதான் நகை. கழட்டும்போது மொதல்ல நகை.”

சாரல் தொடங்கிவிட்டால் அவருடைய கவலை குற்றாலத்துக்கு இடம் மாறிவிடும். தெருப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்து மெயினருவிக்குப் போவோம். பீவி குளிக்க மாட்டார். பெண்கள் பக்கம் ஈரம் தெறிக்காத ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கம்மல், வளையல், சங்கிலி எல்லாம் அவர் மடிக்கு வந்துவிட வேண்டும். அருவி கழுத்தில் விழுகிற வேகத்துக்கு எந்தக் கொக்கியும் தாங்காது, எண்ணெய் தேய்த்த விரலில் மோதிரமும் நிற்காது என்பது அவர் கட்சி. தாலியைக் கழற்ற மாட்டோம் என்கிறவர்களிடம் வாதாட மாட்டார். “அதக் கழட்டச் சொல்ல நான் யாரு? இந்தா, ஜாக்கெட்டோட சேத்து ஊக்குப் போட்டுக்கோ” என்று கைப்பையிலிருந்து ஊக்கு எடுத்துக் கொடுப்பார்.

அப்படி ஒரு சாரல் நாளில்தான் அது முதலில் தெரிந்தது. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அவரவர் நகையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த ஷஹானாவின் சங்கிலி தங்கத்தாயிடம் வந்தது. தங்கத்தாயின் கம்மல் என் கைக்கு வந்தது. எல்லாரும் சிரித்தோம். “குளுருல கண்ணு மங்குதுட்டி” என்று அவரும் சிரித்தார். தங்கத்தாய் மட்டும் கம்மலைத் திருகிக்கொண்டே பீவியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

தங்கத்தாய் பீவிக்கு அடுத்த வீடு. சுந்தரபாண்டியபுரத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம், மகள் வேல்விழியின் படிப்புக்காகத் தென்காசிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. தங்கத்தாய் பீவியை மதினி என்பார். அந்த முறையில் வேல்விழிக்கு அவர் அத்தை. வேல்விழி போலீஸில் சேர்ந்ததும் முதல் சம்பளத்தில் அத்தைக்குத்தான் சேலை வந்தது.

அந்த ஆவணியில் வேல்விழிக்குக் கல்யாணம். தன் கல்யாணத்துக்குப் போட்ட வளையல் ஜோடியை மகளுக்குக் கொடுத்து, அதற்குப் பொருத்தமாக இன்னொரு ஜோடி எடுக்கத் தங்கத்தாய் பீவியோடு கடைக்குப் போனார். பழைய வளையல் நல்ல மஞ்சள். ஒரே தரத் தங்கத்திலும் செம்பு கொஞ்சம் கூடினால் சிவப்பு ஓடும், வெள்ளி கூடினால் மஞ்சள் வெளுத்து நிற்கும். இரண்டும் நல்ல தங்கம்தான், ஒரே கையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மட்டும் பேதம் தெரியும். எங்கள் தெருவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே பீவிதான்.

அன்று வாசலில் நின்று பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கு” என்றார் பீவி. ஸ்டான்லி தயங்கினார். “பீவிம்மா, புதுசு நல்லாச் செவந்துல்லா இருக்கு?” என்றார்.

“எனக்கா சொல்லுத? வெளிச்சத்துல நின்னுகிட்டுத்தான பாக்கேன்?”

ஸ்டான்லி தங்கத்தாயைப் பார்த்தார். தங்கத்தாய் வளையலைப் பார்த்தார், பிறகு மதினியின் கண்ணைப் பார்த்தார். “மதினி சொன்னா சரியாத்தாம் இருக்கும். பில்லு போடுங்க அண்ணாச்சி” என்றார். இதை எனக்குச் சொன்னது ஸ்டான்லி. “அந்த அம்மாவுக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் வாங்குனாவ” என்றார்.

கல்யாண மண்டபத்தில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது. வேல்விழியின் கையில் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “என்னம்மா, கலர் சேரலையே?” என்று கேட்டுவிட்டார். இரண்டு வரிசை தள்ளி பீவி உட்கார்ந்திருந்தார். வேல்விழி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இதுதான் இப்ப பேஷன், பெரியம்மா. டூ டோன். கேட்டு வாங்குனது” என்றாள். அந்த அம்மாள் தன் மருமகளிடம் திரும்பி, “பாத்தியா, உனக்கு இதெல்லாம் தெரியுதா?” என்றார். பீவி பிரியாணிக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி யாரிடமோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்ததும் தங்கத்தாய் யஹ்யாவிடம் போய், “அண்ணே, மதினிக்குக் கண்ணு சரியில்ல” என்று மட்டும் சொன்னார். வளையலைப் பற்றி மூச்சுவிடவில்லை. யஹ்யாவும் சொல்லிப் பார்த்தார். பீவி அசையவில்லை. கண்ணில் கத்தி வைக்கிற பேச்சே ஆகாது அவருக்கு. “எனக்கு என்ன கொற? ஊசியில நூல் கோக்கேன்” என்றார். கோர்த்துக் காட்டச் சொன்னபோது பாங்கு சொல்லியாயிற்று என்று எழுந்து போய்விட்டார்.

கடைசியில் வேல்விழிதான் ஒரு வழி செய்தாள். மறுவீடு முடிந்து வந்தவள், “அத்தை, ஒரு மூக்குத்தி எடுக்கணும். திருநெல்வேலியில நல்லா இருக்காம்” என்றாள். பீவி தலை சீவி முடித்து, கைப்பையில் ஊக்கோடு கிளம்பிவிட்டார். கார் நின்ற இடம் ஒரு கண் ஆஸ்பத்திரி. பீவி இறங்க மறுத்தார். வேல்விழி அன்று சீருடையில் இருந்தாள். “அத்தை, நான் யாரையும் இழுத்துட்டுப் போனதில்ல. மொத ஆளா உங்கள இழுக்க வச்சிராதீங்க” என்றாளாம். பீவி அழுதுகொண்டே இறங்கினார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. உள்ளே இருக்கும் லென்ஸே மஞ்சளாகிவிட்டது என்றார் டாக்டர். “தங்கத்தையே பாத்துப் பாத்து அப்படி ஆயிட்டோ?” என்று பீவி கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, முதலில் ஒரு கண்ணுக்குத் தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது யஹ்யாவை. “என்னங்க, தாடி இப்படி வெளுத்துப் போச்சு?” என்று பதறினார். “அது வெளுத்து ரொம்ப நாளாச்சு. நீதான் இப்ப வந்து சேந்திருக்க” என்றார் அவர். வீட்டுச் சுவர், பால், தன்னுடைய முக்காடு எதைப் பார்த்தாலும் பீவிக்கு ஆச்சரியம். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்ப்பார், மாற்றி மூடி மறுபடி பார்ப்பார். “இந்தக் கண்ணுல எல்லாம் மஞ்சத்தண்ணி, இந்தக் கண்ணுல நல்ல தண்ணி.” எங்களையும் நிற்கவைத்து இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வேல்விழிக்கு வளைகாப்பு வந்தது. தங்கத்தாய் வீட்டு முற்றத்தில் பெண்கள் நிறைந்திருந்தோம். வேல்விழி மணையில் உட்கார்ந்திருந்தாள். சந்தனம் பூசி ஒவ்வொருவராகக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். பீவியின் முறை வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, வேல்விழியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்தார். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள், அவற்றுக்கு மேலே அந்தத் தங்க வளையல்கள்.

பீவியின் கை நின்றுவிட்டது.

ஒரு கண்ணை மூடினார். திறந்தார். அடுத்த கண்ணை மூடினார். எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது.

“ஏட்டி, இது நான் எடுத்ததுதான?” என்று கேட்டார் மிகவும் மெதுவாக.

“ஆமா அத்தை.”

“கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தாம் இருந்துதா?”

வேல்விழி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பீவியும் தங்கத்தாயைப் பார்த்தார். “உனக்குமா தெரியல, தங்கத்தாயி?”

“தெரியும் மதினி.”

“தெரிஞ்சா வாங்குன? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீங்க அங்கன நடுக்கடையில எப்படி நிப்பிய?” என்றார் தங்கத்தாய். “வளையலு கெடக்கு வளையலு.”

பீவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாளைக்கே கடைக்குப் போவோம், மாற்றிவிடுவோம், ஸ்டான்லியிடம் நான் பேசுகிறேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். வேல்விழி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “அதெல்லாம் மாத்த முடியாது. எங்க ஸ்டேஷன்ல இதப் பாத்து ரெண்டு பேரு இதே மாதிரி எடுத்துருக்காவ. இப்பப் போயி மாத்துனா என் மானம் போயிரும். போடுங்க அத்தை வளையல, கை வலிக்கி.” பீவி போட்டுவிட்டார். போட்ட அவசரத்தில் ஒரு வளையல் உடைந்தது. தங்கத்தாய் குனிந்து சில்லுகளைப் பொறுக்கி எடுத்தார்.

அடுத்த கண் ஆபரேஷனுக்கு யாரும் இழுத்துப் போகவேண்டியிருக்கவில்லை. அவரே போய் நின்றார். அது ஆறியதும் ஒரு காரியம் தொடங்கினார். கண் மங்கியிருந்த காலத்தில் யார் யாருக்கு நகை எடுத்துக் கொடுத்தாரோ, அவர்கள் வீட்டுக்கெல்லாம் கிளம்பிவிட்டார். கூடை நிறைய பூவந்திக்கொட்டை, கூடையைத் தூக்க யஹ்யா. “சும்மாதாம் வந்தேன். நகைய எடு, கழுவித் தாரேன்” என்று முற்றத்தில் உட்கார்ந்து கழுவுவார். கழுவும் சாக்கில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருந்தன. கை பழகிய பழக்கம் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் புளியங்குடியில் பொன்செல்வி வீட்டில் மாட்டிக்கொண்டார். பொன்செல்வியின் கணவர் சுடலைமணி எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். பீவி ஆசையாக எடுத்துக் கொடுத்த ஜிமிக்கியும் அதன் மாட்டலும் வேறு வேறு நிறம். நுரைக்குள்ளேயே அது பீவிக்குத் தெரிந்துவிட்டது. மறைக்கவில்லை. “பொன்செல்வி, நான் தப்பா எடுத்துக் குடுத்துருக்கேம்மா” என்றார்.

பொன்செல்வி, “அது அப்பவே தெரியுமே!” என்றார் சாதாரணமாக. “எனக்குக் கொழந்த பொறந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். நீங்க அந்த மழையில பஸ்ஸு மாறிப் போயி எடுத்துட்டு வந்திய. அதப் போயி சரியில்லன்னு எந்த வாயால சொல்லுவேன்? எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்கியளா?”

திரும்பும் பஸ்ஸில் பீவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்ததாக யஹ்யா சொன்னார். “தண்ணி வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, கண்ணு கெட்டுரும்னேன். இது வேற தண்ணிங்க, ஒண்ணும் செய்யாதுன்னுட்டா.”

இப்போதும் அவர் கடைக்குப் போகிறார். வெளிச்சத்துக்கு வருகிறார், முக்காட்டில் தேய்க்கிறார், குனிந்து நிமிரச் சொல்கிறார். ஒரே ஒரு மாற்றம். முடிவாக ஒன்றைச் சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும், “உங்களுக்கு எப்படித் தெரியுது? ஒளிக்காமச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். முன்பு அவர் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது கூச்சப்பட்டார். “என்னப் பத்தி எழுத என்ன இருக்கு? அந்தப் பொம்பளையளப் பத்தி எழுதுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தாந் தெரியல. ஒருத்திகூட வாயத் தொறக்கலியே.”

“கோபம் வரலியா?” என்று கேட்டேன்.

“கோவமா?” என்று திருப்பிக் கேட்டார். “தொழுதுட்டு துஆ கேக்கும்போது ஒவ்வொருத்தி பேரையும் சொல்லிக் கேக்குதேன். முன்ன சீக்கிரம் முடிஞ்சிரும். இப்ப பேரு கூடிப் போச்சா, முட்டி வலிக்கி.”

பத்திரிகைக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றேன். யஹ்யா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நான் போனை உயர்த்தியதும், “நில்லுங்க” என்று எழுந்து பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் போனார். “தங்கத்தாயி, ஏ தங்கத்தாயி! செத்த இங்கன வா.” தோசை மாவுக் கையோடு வந்த தங்கத்தாயை அந்த நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார். பிறகு பின்னால் போய், அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.